சட்டைப் பை வலப்பக்கம்

போதுமான காலம் பேசாமல் இருந்துவிட்டேன். இனியும் வாயை மூடிக்கொண்டிருந்தால் அதற்குப் பெருந்தன்மை என்று பெயர் வைக்க முடியாது.

வக்கீல் குற்றாலலிங்கம் அண்ணாச்சி இறந்த செய்தி கல்லூரித் தொலைபேசியில் வந்தது. அது இயற்பியல் துறைத்தலைவர் அறையில் இருக்கிறது. அந்த அறை எனக்கு வராமல் போனது வேறு கதை. உள்ளே போய், அவர் பார்த்துக்கொண்டிருக்க, நின்றபடியே பேசினேன். மறுமுனையில் மேலப்பாளையம் ஜவுளிக்கடை சாகுல்.

"சார், அண்ணாச்சி போய்ட்டாக. காலைல பேப்பர் படிச்சுக்கிட்டே இருந்திருக்காக, தலை சாஞ்சுட்டு."

"வாரேன்" என்றேன்.

"இன்னொண்ணு சார். நம்ம சுற்றுமடலுக்கு எல்லாரும் ஆளுக்கு ஒரு அஞ்சலி எழுதணும். வழக்கமா பேரு போடமாட்டோம், இதுக்கு மட்டும் போட்டுக்கிடலாம்னு பேசியிருக்கு. நீங்க அந்தக் கண்ணாடிக் கடுதாசியப் பத்தி எழுதிருங்க. அண்ணாச்சின்னா அதுதானே சார் முதல்ல ஞாபகம் வருது?"

தொலைபேசியை வைத்தேன். துறைத்தலைவர், "யாரு?" என்றார். "தெரிஞ்சவர்" என்றேன். வேறு சொல் கிடைக்கவில்லை. இப்போதும் கிடைக்கவில்லை.

இந்த மடலைப் படிப்பவர்களில் பெரும்பாலோருக்கு அவரைத் தெரியும். பிந்திச் சேர்ந்தவர்களுக்காகச் சொல்கிறேன். பூர்வீகம் ஆழ்வார்குறிச்சி. நிலத்தை விற்றுப் பிள்ளைகளைப் படிக்கவைத்த குடும்பம். பாளையங்கோட்டையில் கிரிமினல் வக்கீல். பகலில் கொலை வழக்கு நடத்திவிட்டு மாலையில் சித்திரக்கதையில் கொலைகாரனைத் தேடுவார். அலுவலக மாடியில் மாதம் ஒரு ஞாயிறு நம்மைக் கூட்டிவைத்து, படித்த சித்திரக்கதைகளைப் பற்றிப் பேசவைத்தவர் அவர்தான். வளர்ந்த ஆண்களும் பெண்களும் பொம்மைப் புத்தகத்துக்காகக் கூடுகிறோம் என்று வெளியே சொல்லக் கூச்சமாக இருந்த காலம். அவருக்கு மட்டும் அந்தக் கூச்சம் இல்லை. கட்சிக்காரர்கள் படியில் காத்திருக்கும்போதே, "கொஞ்சம் பொறும். மேல ஒரு ரோபோவுக்கு வாய்தா இருக்கு" என்பார்.

நம் வட்டத்தின் சட்டத்தை வகுத்தவரும் அவரே. ஒவ்வொருவரும் தம் கருத்தை அரைத்தாளில் பெயர் போடாமல் எழுதி, ஒரு பால்பவுடர் டப்பாவில் போட வேண்டும். அண்ணாச்சி எல்லாவற்றையும் ஒரே குரலில், ஏற்ற இறக்கம் இல்லாமல், கோர்ட்டில் வாக்குமூலம் வாசிப்பதுபோல வாசிப்பார். பேராசிரியை எழுதியதும் பஸ் கண்டக்டர் எழுதியதும் அந்தக் குரலில் ஒன்றாகிவிடும். வாசித்த பிறகுதான் விவாதம். "அது நான் எழுதினது" என்று எவராவது வாய்விட்டால் அன்று எல்லோருக்கும் காப்பியும் வடையும் வாய்விட்டவர் செலவு. "கருத்து தன் கால்ல நிக்கட்டும் வே. நீரு எதுக்கு முட்டுக் குடுக்கீரு?" என்பார்.

சென்னையிலிருந்து வந்த மாத இதழ் ஒன்றில் ஜப்பானியச் சித்திரத் தொடர் ஒன்று தமிழில் வந்துகொண்டிருந்தது. 'துருப்பிடித்த சாட்சி' என்று தலைப்பு. ரோபோக்களை உருவாக்கும் ஒரு விஞ்ஞானியை அவர் வீட்டிலேயே யாரோ அடித்துக் கொன்றுவிடுகிறார்கள். சந்தேகம் இருவர் மேல். ஒருவன் விஞ்ஞானியின் மகன். இன்னொன்று அந்த வீட்டின் காவல் ரோபோ. இரண்டு பேருக்கும் ஒரேமாதிரி நீள அங்கி. கொலை நடக்கும் படத்தில் கொலைகாரனின் முதுகு மட்டும் தெரியும். ஓங்கியிருப்பது இடது கை. மகன் வலது கைக்காரன். ரோபோவுக்கோ வலது கை எரிந்து செயலிழந்துவிட்டது, இடது கை மட்டும்தான் வேலை செய்யும் என்று கதையில் தெளிவாகவே எழுதியிருந்தது. பிறகென்ன? ரோபோதான் குற்றவாளி என்று நம் வட்டம் தீர்மானித்துவிட்டது.

அந்த மாதங்களில் நடந்த விவாதங்களை நான் மறக்கவில்லை. சாகுல் ரோபோவுக்காக உண்மையிலேயே வருந்தினார். "அது ஒரு தடவகூட நான் செய்யலன்னு சொல்லலியே அண்ணாச்சி?" என்றார். கேள்வி கேட்டால் மட்டுமே பதில் சொல்லும்படி அதைச் செய்திருந்தார்கள். கதையில் அதனிடம் யாரும் நேராகக் கேட்கவில்லை.

"கேக்காதவனுக்குக் கோர்ட்டு ஒண்ணும் குடுக்காது, சாகுலு. வாயத் திறக்கணும்" என்றார் அண்ணாச்சி.

"அது இரும்பு, அண்ணாச்சி."

"இரும்புக்கும் அதே சட்டம்தாம்லே."

எனக்குத் தொடரின் படங்களைப் பார்க்கப் பார்க்க ஏதோ உறுத்தியது. சாப்பிடும் காட்சியில் ஊர் முழுவதும் இடது கையில் குச்சி பிடித்திருந்தது. இதைப்பற்றி ஒருமுறை கேட்டபோது நம் வட்டமே ஒரே குரலில் பதில் சொன்னது: "அது அவங்க ஊரு வழக்கம் சார்." சோற்றில் இடது கை பட்டாலே முகம் சுளிக்கிற மனிதர்கள், ஒரு நாட்டையே இடது கையால் சாப்பிடவிட்டு நிம்மதியாக இருந்தார்கள். கொலை நடந்தது ஒன்பது மணிக்கு என்று கதை சொன்னது. எண்கள் இல்லாத சுவர்க் கடிகாரத்தில் முள் மூன்று மணி காட்டியது. "ஓடாத கடியாரமா இருக்கும்" என்று அதையும் தீர்த்துவைத்தார்கள். கடைசியாக நான் சட்டைகளைப் பார்த்தேன். எல்லா ஆண்களுக்கும் சட்டைப் பை வலப்பக்கம் இருந்தது.

அரைத்தாளில் எழுதிப் போட்டேன். ஜப்பானியப் புத்தகம் நமக்குப் பின்னட்டையாக இருக்கும் பக்கத்திலிருந்து தொடங்குகிறது. நாம் இடமிருந்து வலமாகப் படிப்பதற்காக, அச்சகத்தில் படங்களின் பிலிமைத் திருப்பிப் போட்டிருக்கிறார்கள். நாம் பார்ப்பதெல்லாம் கண்ணாடியில் தெரியும் பிம்பம். எழுத்தில் இருக்கும் வலது வலதுதான். படத்தில் இருக்கும் இடது இடதல்ல. ஓங்கிய கை வலது கை. ரோபோ கொல்லவில்லை.

அண்ணாச்சி தமது தட்டைக் குரலில் அதை வாசித்து முடித்ததும் மாடி அதிர்ந்தது. சாகுல் கண்ணில் நீர் வரச் சிரித்தார். "எங்க ஓதுற கிதாபும் அந்தப் பக்கம்தான் திறக்கும். அதுக்காக ஆளத் திருப்பிப் போட்டா அச்சடிப்பாக? எந்தப் பிரகஸ்பதி இத எழுதினது?" சட்டம் இருந்தபடியால் நான் வாய் திறக்கவில்லை. வடைக்குப் பயந்து அல்ல.

அண்ணாச்சி சிரிக்கவில்லை. எழுந்துபோய் இதழின் அந்தப் பக்கத்தைத் தனியே பிரித்து, ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, பின்புறமிருந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "சாட்சி மாத்திச் சொல்லுவான், படம் மாத்திச் சொல்லாதுன்னு இத்தன நாளு நெனச்சுட்டேன்" என்றார். மற்றவர்களுக்கு அது கேட்டதா என்று தெரியாது. எனக்குக் கேட்டது.

வட்டத்தின் பெரும்பான்மைத் தீர்ப்பை இதழுக்கு அனுப்பினார்கள். அதே உறையில் அண்ணாச்சி என் அரைத்தாளையும் வைத்து அனுப்பியிருக்கிறார், எவரிடமும் சொல்லாமல். அடுத்த இதழில் வாசகர் பக்கத்தின் உச்சியில் அது வந்தது. ஆசிரியர் தவறை ஒப்புக்கொண்டிருந்தார். 'நெல்லையின் கழுகுக் கண்' என்று தலைப்பு. கீழே பெயர்: வழக்கறிஞர் குற்றாலலிங்கம், பாளையங்கோட்டை.

கோர்ட்டு வராந்தாவில் அவரைப் பிடித்தேன். கறுப்புக் கோட்டைத் தோளில் போட்டுக்கொண்டு மோர் குடித்துக்கொண்டிருந்தார்.

"இதழ் பாத்தீங்களா, அண்ணாச்சி?"

"பாத்தேன் வே. உம்ம கடுதாசி நல்லா வந்திருக்கு."

அவருக்குத் தெரிந்திருந்தது. இத்தனை ஆண்டுகளாக என்னை அரித்தது அதுதான். தெரியாமல் செய்திருந்தால் மன்னித்திருப்பேன்.

"உங்க பேர்ல வந்திருக்கு."

"கவர்ல இருந்த பேர எடுத்துப் போட்டுட்டான் அந்த மனுசன். எழுதிச் சொல்லுதேன்." மோரைக் குடித்து முடித்தார். "இல்ல, நீரே எழுதும். உம்ம வழக்கு அது."

இருவரும் எழுதவில்லை. நான் எழுதாததற்குக் காரணம் உண்டு: தாளில் பெயர் இல்லை, எழுதினால், வக்கீலின் புகழுக்கு ஒரு வாத்தியார் பங்கு கேட்கிறான் என்பார்கள். கல்லூரியில் அந்த அவமானத்தை ஏற்கெனவே ஒருமுறை பட்டிருந்தேன். அவர் எழுதாததற்குக் காரணம் அவருக்குத்தான் தெரியும். அடுத்த கூட்டத்தில் சாகுல் அவருக்குத் துண்டு போர்த்தினார். "பிரகஸ்பதின்னு சொன்னதுக்கு மன்னிக்கணும் அண்ணாச்சி" என்றார். அண்ணாச்சி என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன். அவர் துண்டை மடித்து மடியில் வைத்துக்கொண்டார். தொடரின் முடிவில் மகன் பிடிபட்டான். ரோபோவை அதற்குள் உருக்கிவிட்டார்கள்.

அதன் பிறகும் ஒவ்வொரு மாதமும் நான் போனேன். ஏன் போனேன் என்று கேட்டால், அந்தக் குரலுக்காக என்றுதான் சொல்ல வேண்டும். என் வகுப்பில் மாணவர்கள் கொட்டாவி விடுவார்கள். என் வீட்டில் நான் பேசத் தொடங்கினால் தொலைக்காட்சியின் சத்தம் கூடும். அந்த மாடியில் மட்டும், நான் எழுதியதை ஒரு மனிதர் ஒரு சொல் விடாமல் வாசித்தார்.

அண்ணாச்சி இறந்த அன்று ஆனிச் சாரல். பந்தலில் நீர் சொட்டிக்கொண்டிருந்தது. வெள்ளக்கோயில் சுடுகாட்டுக்கு எடுத்துப்போகும் முன் அண்ணாச்சியின் மனைவி, மதினி, என்னை உள்ளே கூப்பிட்டார்கள். அழுது ஓய்ந்த முகம்.

"உங்களப் பத்தித்தான் அடிக்கடி சொல்லுவாக. 'அந்த வாத்தியாரு என்னைக்காவது எங்கிட்ட சண்டைக்கு வருவாருன்னு பாக்கேன், வரமாட்டேங்காரு'ன்னு. என்ன சண்டைன்னு கேட்டா சிரிப்பாக. உங்களுக்குள்ள என்ன?"

"ஒண்ணுமில்ல மதினி" என்றேன். வேறென்ன சொல்வது? வழக்கைத் தொடுக்க வேண்டியவன் நான் என்று, போகும்போதும் என் தலையில் கட்டிவிட்டுப் போயிருக்கிறார். வக்கீல் புத்தி.

போன ஞாயிறு அதே மாடியில் இரங்கல் கூட்டம் நடந்தது. சாகுல் அவசரமாக ஸ்டுடியோவில் கொடுத்துப் பெரிதாக்கிய படத்துக்கு மாலை போட்டிருந்தார்கள். ஒவ்வொருவராக எழுந்து கழுகுக் கண்ணைப் புகழ்ந்தார்கள். நான் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். வெள்ளைச் சட்டை, பையில் பேனா. பை வலப்பக்கம் இருந்தது. இடது கன்னத்து மச்சம் வலது கன்னத்துக்குப் போயிருந்தது. அவசரத்தில் நெகட்டிவைத் திருப்பிப் போட்டுவிட்டார்கள். அவரோடு பல வருடம் பழகியவர்கள் அந்த முகத்துக்கு முன்னால் நின்று அழுதார்கள். ஒருவருக்கும் தெரியவில்லை.

கூட்டம் முடிந்ததும் சாகுலின் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

"படம் திரும்பியிருக்கு சாகுல். சட்டைப் பையப் பாருங்க."

அவர் படத்தைப் பார்த்தார், தம் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தார், மறுபடியும் படத்தைப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது.

"அட அல்லாவே! பாருங்க சார். அண்ணாச்சி இருந்திருந்தா முதல்ல அவுகதான் கண்டுபிடிச்சிருப்பாக!"

படத்தைக் கழற்றி, ஸ்டுடியோவில் கொடுத்துச் சரிசெய்யச் சொல்லிவிட்டு வந்தேன். மதினி வீட்டுச் சுவரில் அவராவது சரியாக இருக்கட்டும்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சுவது ஒன்றுதான். எல்லோரும் சிரித்துக்கொண்டிருக்கும்போது ஒரு மனிதர் எழுந்துபோய், தாளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பின்புறமிருந்து பார்த்தது. என் வாழ்நாளில் நான் சொன்ன ஒன்றை எவரும் அப்படிச் சோதித்துப் பார்த்ததில்லை. அந்தப் பெயரை அவர் வைத்துக்கொண்டார். அந்தக் காட்சியை நான் வைத்துக்கொள்கிறேன். கணக்கு நேராகிவிட்டதென்று சொல்ல மாட்டேன். இனி நேராக்க ஆள் இல்லை. எனக்கும் அலுத்துவிட்டது.

அஞ்சலிக்குப் பெயர் போடலாம் என்று சாகுல் சொன்னார். கடைசி வரியில் பெயரை எழுதிப் பார்த்தேன். காப்பியும் வடையும் வாங்கித் தர வேண்டியவனைப் போல இருந்தது. அடித்துவிட்டேன். வேறு தாளில் பெயரில்லாமல் நகல் எடுத்து, நாளைக் காலைத் தபாலில் போடுகிறேன். யார் எழுதியது என்று இரண்டாம் பத்தியிலேயே தெரிந்துவிடும்தான். ஆனால் ஒரு ஊரே இடது கையால் சாப்பிட்டால் அது அவர்கள் வழக்கம் என்று முடிவுகட்டியவர்கள் நாம். இதையும் அண்ணாச்சியே முன்கூட்டி எழுதி வைத்துவிட்டுப் போனார் என்று யாராவது சொல்லக்கூடும். சொல்லட்டும்.