அம்மாவின் இரத்தத்தில் ஓடும் லோரிகள்

அந்த யோசனை எனக்குத் தோன்றியது போர்ட் கிள்ளான் போகும் சாலையில், ஒரு கண்டெய்னர் லோரியின் பின்னால். முன்னால் லோரி, பின்னால் லோரி, பக்கத்தில் லோரி. நடுவில் எங்கள் சின்னக் கார். அம்மாவை வேலைக்கு விட்டுவிட்டு நான் வகுப்புக்குப் போக வேண்டும். ஊர்ந்த வேகத்தைப் பார்த்தால் நேரே பட்டமளிப்பு விழாவுக்குத்தான் போய்ச் சேருவேன் போலிருந்தது. அப்போதுதான் பளிச்சென்றது: இது சாலையே இல்லை, இரத்தக் குழாய்.

உயிர்மருத்துவம் படிக்கிறவர்களுக்கு இது ஒரு வியாதி. ஒரு பாடத்தைப் படித்துவிட்டால் போதும், பார்க்கிற இடமெல்லாம் அதுதான் தெரியும். ஆனால் இந்தமுறை எனக்குத் தேவை இருந்தது. அம்மாவுக்குக் கர்ப்பப்பைக் கட்டியை எடுக்க நாள் குறித்த மருத்துவமனை, இரத்தத்தைச் சோதித்துவிட்டு, “ஹீமோகுளோபின் ரொம்பக் குறைவு, இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டுவிட்டு வாருங்கள்” என்று திருப்பி அனுப்பிவிட்டது. அடுத்த சோதனையிலும் ஏறவில்லை என்றால் அறுவை சிகிச்சை மறுபடி தள்ளிப்போகும். கட்டியோ எங்கேயும் தள்ளிப்போகிற உத்தேசத்தில் இல்லை. மாதாமாதம் இரத்தத்தைக் கொட்டிக்கொண்டிருந்தது. சாயங்காலம் ரயிலில் திரும்பும்போது நிலையத்து மேம்பாலத்தின் பாதிப் படியில் அம்மா நின்று கைப்பேசியைப் பார்ப்பார். அந்த நேரத்தில் அம்மாவுக்கு யாரும் செய்தி அனுப்புவதில்லை என்பது எனக்குத் தெரியும்.

பிரிக்ஃபீல்ட்ஸில் இருக்கும் பெரியம்மா தனியாக ஒரு சிகிச்சை நடத்திவந்தார். வாராவாரம் வருவார், சிவப்பாக எதையாவது கொண்டு வருவார். பீட்ரூட், மாதுளை, ஒருமுறை ரோஸ் சிரப். “செவப்பா இருக்கறது எல்லாம் ரத்தத்துக்கு நல்லது லா” என்பது அவர் மருத்துவம். அந்தக் கணக்குப்படி கல்யாண மண்டபத்துச் சிவப்பு நாற்காலியையும் அம்மா மென்று தின்றிருக்கலாம்.

அன்று சாயங்காலம் இருவரையும் வரவேற்பறையில் உட்கார வைத்து என் கண்டுபிடிப்பை அரங்கேற்றினேன். அம்மா துறைமுகத்துக் கிடங்கு ஒன்றில், வந்துபோகும் லோரிகளைப் பதிகிற கேட் கிளார்க். லோரி விஷயத்தில் அவரை ஏமாற்ற முடியாது என்பதை நான் முன்னமே யோசித்திருக்க வேண்டும்.

“பிளாஸ்மாதான் ரோடு. பெரும்பாலும் தண்ணிதான், சத்து, உப்பு எல்லாம் அதுல கரைஞ்சி போகும். சிவப்பணு லோரி. நுரையீரல் துறைமுகம். அங்க ஆக்ஸிஜன ஏத்திக்கிட்டுப் போய் உடம்பெல்லாம் எறக்கும். உள்ள உட்கரு கூடக் கெடையாது. இருக்கற எடம் மொத்தமும் சரக்குக்குத்தான்.”

“டிரைவர் இல்லாத லோரியா?” என்றார் அம்மா. “எங்க கேட்டுல விடமாட்டோம்.”

“நாலு மாசம் ஓடுனா மண்ணீரல்ல பிரிச்சிருவாங்க பெரியம்மா. இரும்ப எடுத்துப் புது லோரிக்குப் போடுவாங்க.”

“அப்ப பழைய இரும்புக் கடைன்னு சொல்லு” என்றார் பெரியம்மா. பேராசிரியர் ஒரு மணி நேரம் எடுத்துக்கொண்ட விஷயம் அது.

வெள்ளையணு, ரோட்டை மறித்துச் சோதிக்கிற ரோட்பிளாக் போலீஸ் என்றேன். கிருமியைப் பிடித்து விழுங்கும். சண்டையில் செத்ததெல்லாம் சேர்ந்துதான் சீழ் என்றேன். பெரியம்மா கையிலிருந்த முறுக்கைத் தட்டில் வைத்தார். தட்டணுக்கள் ரோட்டில் ஓட்டை விழுந்தால் ஓடிவந்து அடைப்பவை என்று சொன்னபோது அம்மா நிமிர்ந்து பார்த்தார்.

“எவ்ளோ நேரத்துல வரும்?”

“உடனே.”

“நம்ம வீட்டு முன்னால இருக்கற குழிய அடைக்க எப்ப வந்தாங்க? வேற உதாரணம் சொல்லு.”

விட்டுக்கொடுக்காமல் முக்கியமான இடத்துக்கு வந்தேன். கண்டெய்னரை லோரியோடு பூட்டும் கொக்கிதான் இரும்பு. அது இல்லாமல் ஆக்ஸிஜனைப் பிடித்து வைக்க முடியாது. அதனால்தான் லோரி பாதி காலியாக ஓடுகிறது, அம்மாவுக்கு மூச்சு வாங்குகிறது. நல்ல முடிவுரை. கைதட்டல் எதுவும் வரவில்லை.

“சரி, மாத்திர போடற நேரம் ஆச்சி” என்று அம்மா எழுந்து சமையலறைக்குப் போனார். கெட்டியாக ஒரு பால் டீ கலக்கினார். மாத்திரையை வாயில் போட்டு, டீயை ஊதி ஊதி விழுங்கினார்.

“அம்மா, டெய்லி டீயிலதான் முழுங்கறீங்களா?”

“ஆமாடி. தண்ணியில போட்டா ஆணிய நக்குன மாதிரி இருக்கு. வயித்தப் பெரட்டுது.”

“எப்பலேருந்து?”

“குடுத்த நாள்லேருந்து.”

இரத்தத்தின் அத்தனை கூறுகளையும் விளக்கியாகிவிட்டது. மாத்திரையை எதில் விழுங்குகிறீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்க, இவ்வளவு படித்த எனக்குத் தோன்றவில்லை. டீயில் இருக்கும் துவர்ப்பு இரும்பைக் கட்டிப்பிடித்துக்கொள்ளும், பாலும் தன் பங்குக்குத் தடுக்கும், குடல் அதை உறிஞ்ச முடியாமல் விட்டுவிடும் என்று சொன்னேன். இந்தமுறை பேச்சில் லோரியை இழுக்கவில்லை.

அம்மா கோப்பையைக் கண்ணுக்கு நேராகத் தூக்கிப் பார்த்தார்.

“அப்ப கொக்கிச் சாமான் வந்து எறங்கிருக்கு. கஸ்டம்ஸ்ல புடிச்சி வெச்சிட்டான். கஸ்டம்ஸ் இந்த டீதான்.”

“அதேதான்.”

“இதத்தானடி மொதல்லயே சொல்லணும்.” கோப்பையைக் கழுவுதொட்டியில் வைத்தார். முதுகைக் காட்டிக்கொண்டே, “அந்தப் பாலத்துல என்னால ஏற முடியலடி” என்றார். பெரியம்மா அன்று கொண்டுவந்திருந்த பீட்ரூட் பையைக் காலால் ஓரமாகத் தள்ளினார்.

பிறகு பேரம் தொடங்கியது.

“டீய விடச் சொல்லாத.”

“விட வேணாம். தள்ளிக் குடிங்க. காலையில வெறும் வயித்துல மாத்திர, எலுமிச்சம் ஜூஸோட. ரெண்டு மணி நேரம் கழிச்சி டீ. அப்பவும் வயித்தப் பெரட்டுனா வேற மாத்திர கேப்போம்.”

“ஒரு மணி நேரம்.”

“ரெண்டு.”

“அப்ப இந்த பீட்ரூட்ட என்ன பண்றது?” என்றார் பெரியம்மா.

“பொரியல் பண்ணுங்க பெரியம்மா.”

நாளைக் காலை அம்மாவுக்கு முன்னால் எழுந்து எலுமிச்சம்பழம் பிழிய வேண்டும். டீத்தூள் டின் இப்போதே காரின் பின்பெட்டியில் இருக்கிறது. ஆனால் கிடங்கு கேன்டீனில் அம்மா தலையைக் கண்டதும் கேட்காமலே டீ ஆற்றுகிற ஒரு அக்கா இருக்கிறார். அம்மாவை இறக்கிவிடும்போது நானும் இறங்கி அவரிடம் பேசப்போகிறேன். லோரிக் கதை வேண்டாம். பத்து மணிக்கு முன்னால் எங்கம்மாவுக்கு டீ கொடுக்காதீங்கக்கா என்று நேராகவே கேட்டுப் பார்க்கலாம்.