கனகத்துக்குத் தெரியாத கேள்விகள்

தெலுங்குச் சீமையில், ஏ.எஸ்.ராவ் நகரில் கனகம் அளவுக்குப் பரீட்சை எழுதியவர் யாரும் கிடையாது. பள்ளிக்கூடத்தைப் பத்தாம் வகுப்போடு விட்டவள்தான். ஆனால் கல்யாணத்துக்குப் பிறகு அவளிடம் கேட்கப்பட்ட கேள்விகளை எண்ணினால் ஆறாயிரத்தைத் தாண்டும்.

எல்லாம் வீட்டுக்காரர் புண்ணியம். திருநாவுக்கரசு மின்னணுத் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டு சூப்பர்வைசர். சோதிக்காமல் எதையும் வெளியே விடமாட்டார். தேங்காய் வாங்கினால்கூட மூன்று தட்டு தட்டி, காதருகே ஆட்டிப் பார்த்துத்தான் பையில் போடுவார். தமிழ் அன்பர் மன்றம் வருஷா வருஷம் பள்ளிப் பிள்ளைகளுக்கு நடத்தும் வினாடி வினாவுக்குப் பதினோரு வருஷமாகக் கேள்வி தயாரிப்பவரும் அவரே, மைக் பிடிப்பவரும் அவரே. அறிவியல், கணக்கு, வரலாறு, புவியியல் என்று எல்லாப் பாடத்திலும் கேள்வி எடுப்பார். மேடைக்குப் போகுமுன் ஒவ்வொன்றையும் சோதிப்பார். சோதனைக் கருவி, கனகம்.

கனகத்துக்கே பதில் தெரிந்தால் ஊருக்கெல்லாம் தெரியும் என்று அர்த்தம். கேள்வி கழிவு. தெரியாவிட்டால் தரமான கேள்வி. ஒரு டிக் போட்டுவிட்டு அடுத்ததுக்குப் போவார். பதில் என்ன என்று மட்டும் சொல்லமாட்டார். கருவிக்கு யாராவது பாடம் நடத்துவார்களா?

கனகத்துக்கு அது பொறுக்காது. ஆக்டோபஸுக்கு எத்தனை இதயம் என்று கேட்டுவிட்டு மனுஷன் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு குளிக்கப் போனால், சாம்பாருக்கு உப்பு போட்டோமா என்பதே அவளுக்கு மறந்துபோகும். மகள் அஸ்வினியின் பழைய பாடப் புத்தகங்களைப் புரட்டுவாள். கடைத்தெரு நூலகத்துக்கு நடப்பாள். பதிலைப் பிடித்த பிறகுதான் சோறு இறங்கும். இப்படியே பதினோரு வருஷம் போனதில் அவளுக்குத் தெரியாதது குறைந்துகொண்டே வந்தது. கழிவு ஏறிக்கொண்டே போனது. அவர் அதற்குப் புத்தகங்களைத் திட்டினார்.

2004-இல் விஷயம் முற்றியது. மாதாப்பூரில் மென்பொருள் வேலை பார்க்கும் வெங்கட் என்ற பையன் மன்றத்தில் சேர்ந்தான். லேப்டாப், ப்ரொஜெக்டர் எல்லாம் வைத்திருந்தான்.

"இந்தத் தடவை நீங்களே நடத்துங்க சார்," என்றார் செயலாளர் சக்ரபாணி. "சரியா வரலைன்னா அடுத்த வருஷம் வெங்கட் பண்ணட்டும்."

திருநாவுக்கரசுக்கு ஓய்வு பெற இரண்டு வருஷம் இருந்தது. தொழிற்சாலையில் அவர் பேச்சை இப்போது யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை. வருஷத்தில் அந்த ஒரு நாள்தான் இருநூறு பேர் அவர் வாயைப் பார்த்து உட்கார்ந்திருப்பார்கள். அதுவும் போய்விட்டால்? வீடு முழுக்கப் புத்தகமாக இறைத்துக்கொண்டு நூறு கேள்வி தயாரித்தார்.

கனகம் தோசை ஊற்றிக்கொண்டிருந்தபோது சோதனை ஆரம்பித்தது. தேனீக்கு எத்தனை கண்? ஐந்து. கழிவு. முதல் பானிபட் போர்? ஆயிரத்து ஐந்நூற்று இருபத்தாறு. கழிவு. நாற்பது கேள்வி வரிசையாகக் கழிவு. ஒவ்வொன்றுக்கும் அவர் முகம் இன்னும் கொஞ்சம் தொங்கியது. கனகம் தோசையைத் திருப்ப மறந்தாள்.

"சஹாரா பாலைவனம் எந்தக் கண்டம்?"

"தெரியாதுங்க."

மனுஷன் முகத்தில் விளக்கு போட்ட மாதிரி ஆயிற்று. டிக் போட்டார். பிறகு கேட்ட எல்லாவற்றுக்கும் கனகம் தெரியாது என்றே சொல்லிவிட்டாள். அறுபது தரமான கேள்விகள் அரை மணியில் தயார்.

போட்டியன்று நடந்ததைக் கேட்பானேன்! அவர் கேள்வியை முடிப்பதற்குள் பிள்ளைகள் பதிலைச் சொன்னார்கள். சில சமயம் ஆறு அணியும் கோரஸாகச் சொல்லின. பதினொரு மணிக்கு அறுபது கேள்வியும் தீர்ந்தது. மல்காஜ்கிரி அணியும் லோத்குண்டா அணியும் சம மதிப்பெண். கையில் மாற்றுக் கேள்வி ஒன்றுகூட இல்லை. பன்னிரண்டரைக்கு அதே மண்டபத்தில் ஒரு சீமந்தம்; பூக்காரர் வந்து வாசலில் நின்றுவிட்டார். வெங்கட் மெதுவாக லேப்டாப்பைத் திறந்தான்.

திருநாவுக்கரசு கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். "நான் என்ன செய்ய?" என்றார் மைக்கில். "இதுல ஒரு கேள்விக்குக்கூட எங்க வீட்டம்மாவுக்குப் பதில் தெரியலை!"

மண்டபமே சிரித்தது. இருநூறு தலை பின்னால் திரும்பியது. புளிசாதப் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்த கனகத்துக்குக் காதெல்லாம் சுட்டது. அவமானமா, கோபமா என்று பிரித்துப் பார்க்க அவள் நிற்கவில்லை. விறுவிறுவென்று மேடையேறினாள்.

"அம்புட்டும் எனக்குத் தெரியும்."

"பின்ன ஏம்ட்டி தெரியாதுன்னு சொன்ன?" மைக் அணைக்கப்படவில்லை.

"நீங்க மூஞ்சியைத் தொங்கப் போட்டுட்டு இருந்தீய. பாக்கப் பாவமா இருந்துச்சு. தோசையும் தீஞ்சுது."

சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. கனகம் மைக்கைத் தன் பக்கம் இழுத்தாள். "இப்போ ரெண்டு டீமும் என்னைக் கேக்கட்டும். எந்தப் பாடம்னாலும் சரி. எனக்குத் தெரியாததைக் கேட்டுப் பதிலையும் சொல்லுத டீமுக்குக் கப்பு."

மல்காஜ்கிரி சாய்கிருஷ்ணா முந்தினான். "செல்சியஸும் ஃபாரன்ஹீட்டும் எந்த நம்பர்ல சேம், ஆன்ட்டி?"

"மைனஸ் நாப்பது."

"ஆக்டோபஸுக்கு எத்தனை ஹார்ட்?" இது லோத்குண்டா பத்மஜா, ஒன்பதாம் வகுப்பு.

"மூணு. ரத்தம் நீலம்."

பதினான்கு கேள்வி போயிற்று. கூட்டம் ஒவ்வொரு பதிலுக்கும் கை தட்டியது. வெங்கட் லேப்டாப்பை மூடிவிட்டு முன்வரிசைக்கு வந்தான். திருநாவுக்கரசு மட்டும் தன் பழுதில்லாத கருவியை வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

பத்மஜா கொஞ்சம் யோசித்தாள். "ஒரு ரூம்ல எத்தனை பேர் இருந்தா, அதுல ரெண்டு பேருக்கு ஒரே பர்த்டே வர பாதிக்கு மேல சான்ஸ்?"

கனகம் விரல் மடக்கினாள். விட்டாள். வருஷத்துக்கு முந்நூற்று அறுபத்தைந்து நாள், பாதியா? அப்படி இருக்காது என்று உள்ளுக்குள் ஏதோ சொன்னது.

"எனக்குத் தெரியலை, தாயி."

"ட்வென்டி த்ரீ!"

"இருபத்திமூணா? அதெப்படி? சொல்லு."

கோப்பை லோத்குண்டாவுக்குப் போனதைக் கனகம் கவனிக்கவே இல்லை. பத்மஜாவை நாற்காலியில் உட்கார வைத்து, ஒரு பாராட்டுச் சான்றிதழின் பின்பக்கத்தில் எழுதச் சொன்னாள். இருபத்திமூன்று பேருக்குள் இருநூற்று ஐம்பத்திமூன்று ஜோடி என்று அந்தப் பெண் தெலுங்கிலும் இங்கிலீஷிலுமாக விளக்கினாள். கனகம் இன்னொரு முறை சொல்லச் சொன்னாள். தெரியாது என்று அவள் சொன்ன பிறகும் எழுந்து போகாமல், பக்கத்தில் உட்கார்ந்து ஒருவர் பதில் சொல்வது பதினோரு வருஷத்தில் அதுதான் முதல் தடவை. அவளுக்குக் கண் கலங்கியது.

"ப்ரொஜெக்டர் நக்கோ சார், வேண்டவே வேண்டாம்," என்றார் சக்ரபாணி. "அடுத்த வருஷமும் மைக் உங்களுக்குத்தான். ஆனா அம்மா வரணும்."

அன்று சாயங்காலம் திருநாவுக்கரசு சமையலறை வாசலில் வந்து நின்றார். மேடையில் அத்தனை பேர் பார்க்கப் புரிந்த மாதிரித் தலையாட்டி வைத்திருந்தார்.

"ஏட்டி கனகம், அந்த இருபத்திமூணு... அது எப்படி?"

அவரைப் போலவே அவளும் ஒரு டிக் போட்டுவிட்டு அடுப்பைப் பார்க்கத் திரும்பியிருக்கலாம். சத்தியமாக ஆசையாகத்தான் இருந்தது அவளுக்கு. கேஸை அணைத்தாள், ஸ்டூலை அவர் பக்கம் தள்ளினாள்.

"உக்காருங்க. முதல்ல ரூம்ல ரெண்டே பேருன்னு வச்சிக்கிடுவோம்."