தேவாங்கு துணை

கொட்டாம்பட்டியில் நான் பிடித்த ஆட்டோவில், நம்பர் பிளேட்டுக்குக் கீழே, சாமி பெயர் இருக்கவேண்டிய இடத்தில் ‘தேவாங்கு துணை’ என்று எழுதியிருந்தது. பக்கத்தில் உருண்டைக் கண்ணோடு ஒரு படம். சிரித்துவிட்டேன். ஏறி உட்கார்ந்ததும், நரைத்த மீசைக்கார ஓட்டுநர் ஓர் உண்டியலை நீட்டினார்.

“சிரிச்சா பத்து ரூவாண்ணே. வெளிநாட்டுல பிளேட்டுலயே மிருகப் படம் போட்டுக் கூடுதல் காசுக்கு வித்து, அந்தக் காசக் காட்டுக்குக் குடுக்குறாகளாம். இங்க பிளேட்டுல படம் போட்டா அபராதம். அதேன் கீழ வரைஞ்சிட்டேன். தேவாங்கு இருக்குற மலையடிவாரத்துல மரம் வைக்கத்தேன் இந்தக் காசு.”

பத்து ரூபாய் போட்டேன். “தேவாங்கு மூஞ்சில முழிச்சா ஆகாதுன்னு காலையில யாரும் ஏறமாட்டாகளே?”

“ஏறமாட்டாகதேன்.”

“அப்புறம் அது என்ன துணை?”

“அது எனக்குத் துணைன்னு யாருண்ணே சொன்னா? நான் அதுக்குத் துணை.”

இறங்கும்போது இன்னொரு பத்து ரூபாயை நீட்டினேன்.

“இப்ப நீங்க சிரிக்கலையேண்ணே” என்று உண்டியலை எடுத்து உள்ளே வைத்துவிட்டார்.