இரண்டு பாதி வீட்டுக்கு ஒரு இன்ஜினியர்

வீடு வரைய யாரை அமர்த்துவது என்பதை மர்ஹூன் தன் முதல் மனைவி ரையாவின் இஷ்டத்துக்கே விட்டுவிட்டான். ஸஹம் ஊரில் கேள்விப்பட்டவர்கள் எல்லாரும் அவன் பெருந்தன்மையைப் பாராட்டினார்கள். இரண்டாவது கல்யாணத்தைப் பற்றி அவளிடம் ஒரு வார்த்தை கேட்காதவன், இன்ஜினியரை மட்டும் அவளே பார்த்துக்கொள்ளட்டும் என்றதில் என்ன பெருந்தன்மை என்று ஒருவரும் கேட்கவில்லை. ரையாவும் கேட்கவில்லை.

குளிர்காலத்தில்தான் அவன் ஹைஃபாவை இரண்டாம் தாரமாகக் கட்டிக்கொண்டான். அவளுக்கு இப்போதைக்குப் பக்கத்து நகரமான சுஹாரில் ஒரு வாடகை வீடு. ஒரு ராத்திரி அங்கே, ஒரு ராத்திரி இங்கே. ஹைஃபாவுக்கு வாசனைப் புகை போட ஊதுக் கட்டை வாங்கினால் ரையாவுக்கும் அதே ஊது, அதே எடை. குறை சொல்ல இடம் வைக்க மாட்டான், அதுதான் தொல்லை. புதிய வீடு கட்டி, ஆளுக்குப் பாதியாக இரண்டு பேரையும் குடிவைப்பது என்று அவனே முடிவு செய்துவிட்டான்.

ரையா பெண்கள் பள்ளிக்கூடத்தின் சோதனைச்சாலையில் வேலை பார்ப்பவள். கண்ணாடிக் குழாய்களைக் கழுவி அடுக்குவாள். வீட்டுக்கு வந்து மீன் பொரிப்பாள். "அம்மா, ஒரு தடவை கத்தியாவது தொலையேன்" என்று மகள் ரீம் கெஞ்சிப் பார்த்தாள். கத்துவதற்கு உள்ளே எதுவும் இல்லை. பல் டாக்டர் ஊசி போட்ட பிறகு கன்னம் எப்படி இருக்குமோ, அப்படி இருந்தது அவளுக்கு உடம்பு முழுவதும்.

முதலில் பார்த்தது சுஹாரில் பெரிய ஆபீஸ் வைத்திருந்த எகிப்துக்காரர் ஷெரிஃப். பேச்சில் கெட்டிக்காரர்.

"உம் ஹமத், கண்ணாடியில பாத்த மாதிரி வரைஞ்சிருக்கேன். அந்தப் பக்கம் என்ன இருக்கோ, அப்படியே இந்தப் பக்கமும். ஒரு சாண் கூடக் குறையாது" என்று மகன் ஹமதின் பெயரை வைத்து அவளை அழைத்துச் சொன்னார்.

மர்ஹூன் குனிந்து ஜன்னலுக்கு ஜன்னல் எண்ணிப் பார்த்து மலர்ந்துபோனான். ரையா நடுக்கோட்டைப் பார்த்தாள். கண்ணாடிபோல வரைந்ததில் இரண்டு படுக்கையறைகளும் முதுகோடு முதுகாக ஒட்டிக்கொண்டிருந்தன. அவள் கட்டில், ஒரு சுவர், அப்புறம் அந்தக் கட்டில்.

"இன்னும் ஒருத்தரைப் பாக்கலாம்" என்றாள்.

அடுத்தது ஊர்க்காரப் பெண், இன்ஜினியர் நுஜூத். பளிங்குக்கல் பார்த்துவிட்டு வரச் சொல்லி மர்ஹூனைக் கீழே அனுப்பிவிட்டு, ரையாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, உங்க வலி எனக்குப் புரியுது. உங்க மனசு ஆறுறதுக்குன்னே உள்ளே ஒரு சின்னத் தோட்டம் போட்டுத் தரேன்."

"துணி எங்க காயப்போடறது?"

"அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்க்கா" என்று சொல்லும்போதே அந்தப் பெண்ணுக்குக் கண் கலங்கிவிட்டது.

திரும்பும்போது காரில் மர்ஹூன் கேட்டான். "நல்ல பொண்ணாத்தானே இருக்கா?"

"அழுதுட்டா."

"எதுக்கு?"

"எனக்காக. எனக்கு அது சரிப்படாது."

மூன்றாவது ஆள் சூடான்காரர் பக்ரி. டயர் கடை மாடியில் ஒரே ஒரு அறைதான் அவர் ஆபீஸ். படம் காட்டவில்லை, வண்ணம் கேட்கவில்லை. காலையில் முதலில் எழுந்திருப்பது யார், காஸ் சிலிண்டரை எந்த வழியாகக் கொண்டுவருவார்கள், ஆண் விருந்தாளிகள் வந்தால் அவள் எங்கே உட்காருவாள் என்று கேட்டுக்கொண்டே போனார். ரையா எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள்.

மர்ஹூனுக்குப் பொறுக்கவில்லை. ஷெரிஃப் வரைந்ததை எடுத்து நீட்டினான். "இதுல என்ன குறை, சொல்லுங்க பாப்போம்."

பக்ரி மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "அளவுல ஒரு குறையும் இல்ல. ரெண்டு கட்டிலுக்கும் நடுவுல ஒரே சுவர்."

"கெட்டிச் சுவர்தானே?"

"எங்க வீடும் கெட்டிச் சுவர்தான். எங்கப்பாவுக்கு ரெண்டு சம்சாரம். எங்கம்மா கடைசிவரைக்கும் கூடத்துலதான் படுத்தா."

சொல்லிவிட்டுப் பென்சில் சீவத் தொடங்கினார். மர்ஹூனுக்குக் காது சிவந்தது. அந்தச் சுவரைப் பற்றி அவன் நினைத்தே பார்த்திருக்கவில்லை.

"ரெண்டு பாதியையும் திருப்பிப் போட்டுடலாம்" என்றார் பக்ரி. "ஒருத்தர் அறை கிழக்குக் கோடி, இன்னொருத்தர் அறை மேற்குக் கோடி. ஆனா மேற்கு அறை கோடையில அடுப்புதான்."

"அது நடக்காது. ஒருத்திக்கு நிழல், ஒருத்திக்கு வெயிலா? நாளைக்கு அல்லாஹ் கேட்டா நான் என்ன சொல்றது?"

"மேற்கை எனக்குப் போடுங்க" என்றாள் ரையா.

"வெந்து போவே ரையா! சீட்டுக் குலுக்கிப் பாப்போம், அதுதான் நியாயம்."

"உங்க நியாயம் எனக்குப் போதும், பு ஹமத்."

'ஹமதின் அப்பா' என்று கூப்பிட்ட அந்தக் குரல் உயரவில்லை. ஆனாலும் மர்ஹூன் ஷெரிஃபின் படத்தைச் சுருட்டி வைத்தான். பக்ரி வேறு காகிதத்தில் புதிதாகக் கோடு போட்டார். நடுச்சுவருக்கு வந்ததும் பென்சில் நின்றது.

"உள்ளேயே போக வர ஒரு கதவு வேணும்னு உங்க வீட்டுக்காரர் சொன்னார். எங்க வைக்கட்டும், உம் ஹமத்?"

"கதவு வேண்டாம்."

"அப்ப நான் எப்படி..." என்று ஆரம்பித்தான் மர்ஹூன்.

"தெரு வழியா சுத்திட்டு வாங்க. வந்து மணி அடிங்க."

"என் வீட்டுக்கு நானே மணி அடிக்கணுமா?"

"ஒருநாள் விட்டு ஒருநாள்."

பக்ரி மர்ஹூனின் முகத்தைப் பார்த்துக் காத்திருந்தார். அவன் தரையைப் பார்த்தபடியே, "அவ சொன்னபடி போடுங்க. நீங்களே கட்டியும் குடுங்க" என்றான்.

பென்சில் விட்ட இடத்திலிருந்து அந்தக் கோடிவரைக்கும் சுவரை இழுத்து முடித்தது. கேட்டது கிடைத்துவிட்டது. அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்த ரையாவுக்கு, இத்தனை மாதத்தில் முதல்முறையாக நெஞ்சு வலித்தது. இருபது வருஷமாக மணி அடிக்காமல் உள்ளே வந்துகொண்டிருந்த மனுஷன் அவன்.