பத்து எண்ணும் வரை

எனக்கு வாய் அதிகம். காரைக்குடியில் அங்கன்வாடி டீச்சராக இருக்கிறவளுக்கு வாய் இல்லாவிட்டால் எப்படி? "நீ பேசி முடிக்கிறதுக்குள்ள டவுன் பஸ்ஸு கோவிலூர் போயிட்டுத் திரும்பிரும்" என்பார் என் வீட்டுக்காரர். போகட்டும், அவருக்குப் பேச வராத வயிற்றெரிச்சல்.

எங்கள் மையத்துக்கு அடுத்த தெருவில் ஒரு முஸ்லிம் வீடு. கணவர் சவுதியில் வேலை பார்த்தார். வீட்டில் தாயும் இரண்டரை வயதுப் பெண் குழந்தையும் மட்டும்தான். அந்தக் குழந்தை ஒரு வார்த்தை பேசவில்லை. பெரியாஸ்பத்திரியில் சோதித்துப் பார்த்து, காது நன்றாகக் கேட்கிறது, பேச்சுக் கொடுத்துப் பழக்குங்கள், மூன்று மாதம் கழித்துக் கூட்டி வாருங்கள் என்றார்கள்.

"பெருநாளைக்கு அவுக லீவுல வாராக, டீச்சர்," என்றாள் தாய். "கைக்குழந்தையில பாத்ததுதான். போன்ல தெனமும் 'அத்தா சொல்லு, அத்தா சொல்லு'ன்னு கெஞ்சுறாக. வந்து எறங்கையில ஒரு தடவ அத்தான்னு கூப்பிட்டுட்டா எனக்கு அது போதும்." சொல்லும்போதே அழுதுவிட்டாள்.

வாராவாரம் போனேன். முதல் நாளே சண்டை. நாள் முழுக்கப் போனில் கார்ட்டூன் ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு வந்ததே கோபம்! "அதத் தூக்கிப் பரண்ல போடு. பிள்ளைகிட்ட நீ பேசு."

"தனியாப் பேசுனா பைத்தியம்னுல நெனைப்பாக?"

"நெனச்சுட்டுப் போறாக. வெங்காயம் உரிச்சா வெங்காயம்னு சொல்லு. துணி காயப்போட்டா அதச் சொல்லு. கேள்வி கேட்டா மட்டும் உடனே பதிலையும் நீயே சொல்லிராத. மனசுக்குள்ள பத்து எண்ணு. பிள்ள வார்த்தையத் தேடி எடுக்க வேணாமா?"

பயிற்சியில் எனக்குச் சொல்லிக்கொடுத்தது அது. ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். அந்த வீட்டில் உட்கார்ந்து நான் செய்தது என்ன? சத்துமாவு உருண்டையைக் காட்டி, "இது என்ன? உருண்டை! யாருக்கு? பாப்பாவுக்கு!" என்று ஒரே மூச்சில் முடித்துவிடுவேன்.

ஒரு நாள் அந்தப் பெண் மெதுவாகச் சொன்னாள்: "கோவிச்சுக்காதீக டீச்சர். இவ வாயத் தொறக்கத்தான் பாக்குறா. நீங்கதான் விட மாட்டேங்குறீக."

சுருக்கென்றது. பையை எடுத்தேன், செருப்பை மாட்டினேன். வாசலில் ஒரு நிமிடம் நின்றேன். அவள் சொன்னதில் என்ன தப்பு? செருப்பைக் கழற்றிவிட்டு மறுபடி உள்ளே வந்து உட்கார்ந்தேன்.

அதன் பிறகு நான் வாயைத் திறந்தால் போதும், அவள் உள்ளங்கையைத் தூக்கி, "பொறுங்க டீச்சர்" என்பாள். நான் பத்து எண்ணுவேன். அப்பப்பா, அந்தப் பத்து எவ்வளவு நீளம்! நான்காவது வாரம், உருண்டையைக் கையில் வைத்துக்கொண்டு ஆறு வரை எண்ணியிருப்பேன். பொறுக்க முடியாமல் வாயைத் திறந்தேன். குழந்தை தன் குட்டிக் கையை என் முகத்துக்கு நேராகத் தூக்கியது.

"பொறு!"

தாயும் நானும் ஒருவரையொருவர் பார்த்தோம். பிறகு சிரித்தோம், அழுதோம். ஒரு பிள்ளையின் முதல் பேச்சே எனக்கு விழுந்த அதட்டல்! அந்தப் பெருமையை எங்கள் தெருவில் நான் யாரிடமும் சொல்லாமல் விடவில்லை.

அப்புறம் உருண்டை வந்தது, பூனை வந்தது, வேணாம் வந்தது. அத்தா மட்டும் வரவில்லை. பெருநாளும் நெருங்கிவிட்டது. தாய் என்னிடம் கேட்கவில்லை, ஆனால் நான் போகும்போதெல்லாம் என் முகத்தையே பார்த்தாள்.

அவர் வந்து இறங்கிய அன்று என்னையும் கூப்பிட்டிருந்தாள். மனிதர் பெட்டியைக் கூட உள்ளே வைக்கவில்லை. வாசலிலேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, "அத்தா சொல்லும்மா, அத்தா சொல்லு" என்றார். குழந்தை தாயின் பின்னால் ஒளிந்தது. அவர் கண் கலங்கிவிட்டது. எனக்கு நாக்கு நுனி வரை பேச்சு வந்துவிட்டது.

குழந்தை எட்டிப் பார்த்து, கையைத் தூக்கியது. "பொறு."

அவர் மிரண்டுபோய் மனைவியைப் பார்த்தார். "பொறுங்களேன்," என்றாள் அவள்.

பத்து எண்ணினேன், இருபது எண்ணினேன், அப்புறம் கணக்கு தவறிவிட்டது. குழந்தை மெல்ல வந்தது. ஒரு விரலால் அவர் தாடியைத் தொட்டுப் பார்த்தது.

"அத்தா."

அவர் வாயைத் திறந்தார், அழுகைதான் வந்தது. பிள்ளை அவர் முகத்தைப் பார்த்தபடி பொறுத்துக்கொண்டு நின்றது.