பட்டறைக்குள் வாசல் தெளித்தவர்

சுனாமிக்கு மறுவருஷக் கோடை. அக்கா வீட்டுக்காரரான மாமாவைச் சென்னைக்குக் கூட்டிவந்து பெரிய டாக்டரிடம் காட்டியே தீருவது என்ற வீறாப்போடு கிளம்பினேன். விடியற்காலையில் திருச்சி பஸ் என்னை வேப்பூரில் இறக்கிவிட்டது. டீ என்ற பெயரில் வெந்நீருக்கு மூன்று ரூபாய் பிடுங்கிக்கொண்டார்கள். அங்கிருந்து விருத்தாசலம் இருபது கிலோமீட்டருக்கு மேல், டவுன் பஸ்ஸில் ஏழு ரூபாய். வழியெல்லாம் காய்ந்த கொல்லைகள்.

காலை ஆறரை. அக்கா வாசல் தெளித்துக்கொண்டிருந்தாள். உள்ளே மாமா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். படுத்தால் மூச்சு முட்டுகிறதாம். ஃப்யூஸ் கட்டை செய்யும் செராமிக் பட்டறையில் இருபது வருஷம் கல்லுமாவு கலக்கிய மனுஷர். அதே பட்டறையில்தான் இப்போது அக்காவும் வேலை பார்க்கிறாள்.

பத்து மணிக்கு ஆஸ்பத்திரி. டாக்டரம்மா எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார்.

"டி.பி. இல்லீங்க. மாவுத்தூசு நுரையீரல்ல எறங்கி இறுகிப்போச்சு. எங்க கொண்டுபோனாலும் அத எடுக்க முடியாது. பஸ்ஸுல போட்டு அலைக்கழிக்காதீங்க."

"அப்புறம் டாக்டருன்னு நீங்க எதுக்குங்க?" என்று கேட்டேவிட்டேன்.

அவர் கோபப்படவில்லை. அக்காவைப் பார்த்தார். "மிச்சம் இருக்கறவங்களுக்குத்தான்" என்றார்.

மாமாவை வீட்டில் விட்டபின் அக்கா என்னைப் பிடித்துக்கொண்டாள். "அவங்களப் போயி அப்படிக் கேக்கறியேடா, அறிவிருக்குதா ஒனக்கு?"

இந்த டாக்டரம்மா வருவதற்கு முன்பு இங்கே யார் இருமினாலும் டி.பி. மாத்திரைதானாம். இவர்தான் இருமுகிறவர்களிடம் என்ன வேலை என்று கேட்டார். பிறகு ஒருநாள் பட்டறைக்கே வந்து நின்றார். 'ஆஸ்பத்திரிய வுட்டுட்டு இங்க என்ன வேலை?' என்றிருக்கிறார் முதலாளி. டாக்டரம்மா ஒரு குடம் தண்ணீரை எடுத்துத் தரையெங்கும் தெளித்துவிட்டுப் பெருக்க ஆரம்பித்தாராம்.

"எல்லாரும் சிரிச்சோம். 'கோலம் எப்பம்மா போடுவீங்க?'ன்னு நானே கேட்டேன். 'நீ இருமாத அன்னிக்கு'ன்னாங்க."

வாரம் தவறாமல் ஸ்கூட்டரில் வந்தாராம். இப்போது தண்ணீர் தெளிக்காமல் யாரும் பெருக்குவதில்லை. மாவு கலக்கத் தனிக் கொட்டகையும் போட்டாயிற்று. வீட்டு வாசலைத் தெளிக்காமல் பெருக்க இந்த ஊரில் எந்தப் பெண்ணுக்காவது மனசு வருமா? அதே பெண்கள் பட்டறைக்குள் அத்தனை வருஷம் தூசியைக் கிளப்பிக்கொண்டே இருந்திருக்கிறார்கள். மாமா அந்தத் தூசியில் நின்றவர்தான்.

மாலை நாலு மணி, பஸ் ஸ்டாண்டு. மாமா இல்லாமலே திரும்புகிறேன். அக்கா மெல்லச் சொன்னாள்: "டாக்டரம்மாவ மாத்திட்டாங்கடா. இந்த மாசத்தோட போறாங்க."

"அவங்க போயிட்டா ஒங்க மொதலாளி பழையபடி ஆரம்பிச்சுடுவாரு. வேலைய வுட்டுடுக்கா."

"வுட்டுட்டு? வூட்ல ரெண்டு பேரும் உக்காந்துக்கவா?" முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "கொடம் எங்கிட்டதானடா இருக்குது."

ஆடியில் மாமா போய்விட்டார். காரியம் முடிந்த மறுநாளே அக்கா வேலைக்குக் கிளம்பினாள். நானும் கூடவே பட்டறை கேட் வரை போனேன். உள்ளே போனவள் குடத்தைத்தான் முதலில் எடுத்தாள். தரை முழுக்க நனைகிறவரை நான் அங்கேயே நின்றேன்.