பெயர் எழுதாத இரண்டாவது பிரதி

கேள்வி கேட்டவர் இறந்துவிட்டால், அதற்குப் பதில் சொல்லும் கடமை யாருக்காவது மிச்சம் இருக்கிறதா? எனக்குத் தெரியாது. சட்டம் படித்த இரண்டு நண்பர்களிடம் விசாரித்தேன். ஒருவர் உண்டு என்றார், மற்றவர் இல்லை என்றார். இருவருமே கொஞ்சமும் தயங்காமல் சொன்னதால் இருவரையும் நான் நம்பவில்லை.

அந்தக் கேள்வியை முதலில் கேட்டவர் கலைவாணி. எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் நான்கு வீடுகளில் வேலை செய்துவந்தவர். என் வீடும் அவற்றில் ஒன்று. அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் தன் பக்கத்து வீட்டுக்காரரின் ஃபோனிலிருந்து என்னைக் கூப்பிட்டார்.

"அக்கா, பூபாலண்ணா போயிட்டாரு. காலையில டீ குடிச்சிட்டு உக்காந்தவரு அப்டியே சாஞ்சிட்டாராம். செவ்வாக்கெழம விசாரணைக்கு என்னக்கா பண்றது?"

இரண்டு செய்திகளையும் ஒரே மூச்சில் சொன்னது அப்போது என்னை உறுத்தியது. பிறகு யோசித்துப் பார்த்தேன். பூபாலனிடம் யாராவது இப்படியொரு சாவைச் சொல்லியிருந்தால், செவ்வாய்க்கிழமை விசாரணையைப் பற்றித்தான் அவரும் கேட்டிருப்பார்.

பெங்களூர் ஈஜிபுராவில் அந்த ஜெராக்ஸ் கடை பெஞ்சில் ஒருமுறையாவது காத்திருந்தவர்களுக்கு அவரை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பூபாலன் கோலார் தங்கவயல்காரர், சுரங்கத் தொழிலாளியின் மகன். அங்குள்ள மாரிக்குப்பத்திலிருந்து தினமும் ரயிலேறி வந்து பெங்களூரில் ஒரு தொலைபேசி அலுவலகத்தில் எழுத்தராக வேலை பார்த்தார். ஓய்வுபெற்ற பின் மனைவி செல்வியோடு ஈஜிபுராவில் குடியேறி, கேட்டு வருகிறவர்களுக்குத் தகவல் உரிமைச் சட்ட மனுக்களை எழுதிக் கொடுத்தார். ரேஷன் அட்டை, சாக்கடை, பள்ளிக்கூடக் கழிப்பறை என்று எல்லாவற்றையும் பற்றி எழுதுவார். ஆனால் அவர் ஆண்டுக்கணக்காக விடாமல் கேட்டுவந்தது ஒன்றைத்தான். போலீஸ் ஒருவருடைய ஃபோனை எடுக்கும்போதோ, அதைத் திறந்து பார்க்கும்போதோ, யாரோடு பேசினார் என்ற பட்டியலை வாங்கும்போதோ, அதற்கு வாரண்ட் இருந்ததா, குறைந்தபட்சம் எழுத்தில் ஓர் உத்தரவாவது இருந்ததா?

கலைவாணியின் விஷயம் இதுதான். மூன்று மாதங்களுக்கு முன் ஒரு மாலை, வேலை முடிந்து போகும் வழியில் தடுப்பு வைத்து எல்லாரையும் நிறுத்திக்கொண்டிருந்தார்கள். ஃபோனைத் திறந்து காட்டச் சொன்னார்கள். கலைவாணி தயங்கினார். தயங்கியதற்காகவே ஃபோனை வாங்கி வைத்துக்கொண்டார்கள். ரசீதும் தரவில்லை, கைப்பற்றியதைப் பதிவு செய்யும் மகஜரும் எழுதவில்லை. எந்தக் காவல் நிலையம் என்று இங்கே எழுதப்போவதில்லை. மறுநாள் போய்க் கேட்டதற்கு, விசாரணை இருக்கிறது, கூப்பிடும்போது வா என்று அனுப்பிவிட்டார்கள். எங்கள் கேட்டுக்குள் வர வேலையாட்களின் ஃபோனுக்கு ஓர் எண் வர வேண்டும். ஃபோன் எங்கே என்று காவலாளி கேட்க, கலைவாணி உள்ளதைச் சொல்லிவிட்டார். போலீஸ் விவகாரம் தீரும்வரை அவரை உள்ளே விட வேண்டாம் என்று அன்று மாலையே குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் முடிவானது. நான் அதைப் படித்தேன், ஒன்றும் எழுதவில்லை. கல்லூரியில் புள்ளியியல் கற்பிக்கிறேன். முழுத் தகவல் கையில் இல்லாமல் பேசக் கூடாது என்பது என் பழக்கம். அன்று அந்தப் பழக்கம் எனக்கு வசதியாக இருந்தது.

அந்த உறுத்தலில்தான் ஒரு பக்கத்துக்கு மனுவொன்றைத் தட்டச்சு செய்து எடுத்துக்கொண்டு கலைவாணியோடு பூபாலனைப் பார்க்கப் போனேன். அவர் அதை முழுவதும் பொறுமையாகப் படித்தார்.

"நல்லா எழுதியிருக்கீங்க மேடம். பேப்பருக்கு அனுப்புங்க, போடுவாங்க. போலீஸுக்கு வேற எழுதணும்" என்றார்.

கர்நாடகத்தில் இந்த மனு ஒரே பொருளைப் பற்றியதாகவும் நூற்றைம்பது சொற்களுக்குள்ளும் இருக்க வேண்டும் என்பது விதி. அதைத் தாண்டினால் அதையே காரணம் காட்டித் திருப்பி அனுப்பிவிடலாம். பூபாலன் பென்சிலை எடுத்து நான் எழுதியதில் ஒவ்வொரு சொல்லின் கீழும் ஒரு புள்ளி வைத்துக்கொண்டே போனார். நூற்றைம்பதாவது புள்ளி விழுந்த இடத்தில் நான் இன்னும் முன்னுரையைத் தாண்டியிருக்கவில்லை. அதன் பிறகு என் 'ஏன்'களை எல்லாம் அடித்தார். ஏழு இருந்தன.

"ஏன்னு கேட்டா கத சொல்லுவாங்க மேடம். காகிதம் இருக்கான்னு கேளுங்க. இருந்தா நகல் குடுக்கணும். இல்லன்னா இல்லன்னு எழுதணும். இல்லன்னு எழுதி சீல் வச்சா அதுவும் காகிதம்தான்."

இந்தக் கடைசி வாக்கியம் சமாளிப்பு என்றே அன்று எனக்குத் தோன்றியது.

அவர் தவறே செய்யாதவர் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். பிடிவாதக்காரர். மற்றவர் பேசி முடிக்கும் முன் மனுவை எழுதத் தொடங்கிவிடுவார். ஒருமுறை ஒரு மனுவில் நூற்றைம்பத்தோரு சொற்கள் வந்துவிட்டன. நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தவர் கடைசியில் ஆண்டை வெட்டினார். ஒரு மாதம் கழித்துத் தடித்த கட்டொன்று வந்தது. எல்லாம் முறையான பதில்கள்தான், வேறேதோ ஓர் ஆண்டைப் பற்றியவை. "நானே அவங்களுக்கு வழி காட்டி உட்டுட்டேன்" என்று அந்தக் கட்டைத் தட்டித் தட்டிச் சிரித்தார். அடுத்த மனுவில் ஆண்டு முதல் வரியிலேயே இருந்தது.

ஏன் ஃபோன் விஷயத்தில் மட்டும் இத்தனை பிடிவாதம் என்று ஒருநாள் கேட்டேன். கடையில் வேறு யாரும் இல்லை. எழுத்தராக இருந்த காலத்தில் நடந்ததைச் சொன்னார். மேசைத் தொலைபேசியில் யாராவது கூப்பிட்டு, ஸ்டேஷனிலிருந்து பேசுகிறேன், இந்த எண்ணிலிருந்து யாருக்கெல்லாம் பேசியிருக்கிறார்கள் என்று பார்த்துச் சொல் என்பார்களாம். இவர் பட்டியல் எழுதி மடித்து வைப்பார். யாராவது வந்து வாங்கிக்கொண்டு போவார்கள். வந்தவர் போலீஸ்தானா என்றுகூடக் கேட்டதில்லை.

"அந்தப் பட்டியல்ல இருந்தவங்களுக்கு என்ன ஆச்சோ, தெரியாது. ஒருவேள ஒண்ணும் ஆகாமக்கூட இருந்திருக்கும். ஆனா நான் ஒரு தடவகூட லெட்டர் கேக்கல மேடம். ஒரு தடவ."



கலைவாணி தன் பெயரில் மனு போடப் பயந்தார். வீட்டுக்கு ஆள் வந்தால் வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்லிவிடுவார் என்றார். பூபாலன் வற்புறுத்தவில்லை. தன் பெயரிலேயே அனுப்பினார்: அந்த மாதம் அந்தக் காவல் நிலைய எல்லையில் சாலைச் சோதனையில் எடுத்த ஃபோன்களுக்கான உத்தரவு, வாரண்ட், மகஜர் ஆகியவற்றின் நகல்கள் வேண்டும் என்று. அனுப்பிய பிறகு இன்னொரு தாளை எடுத்து அதே மனுவை மறுபடியும் கையால் எழுதினார். பெயரும் கையெழுத்தும் வரவேண்டிய இடங்களை மட்டும் காலியாக விட்டார். அவர் எழுதிய எல்லா மனுக்களுக்கும் இப்படியொரு இரண்டாவது பிரதி உண்டு என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டேன். எதற்கு என்று கேட்டேன்.

"பயம் ஒருநாள் போவும் மேடம். அன்னிக்கு வந்து எழுதச் சொன்னா எனக்கு நேரம் இருக்குமோ இல்லியோ."

அந்த மனு போய்ச் சில நாட்களில் அவர் வீட்டுக்கு ஒரு காவலர் வந்தார். எதற்காக இதையெல்லாம் கேட்கிறீர்கள் என்று கன்னடத்தில் விசாரித்தார். காரணம் சொல்லத் தேவையில்லை என்று சட்டம் சொல்வதைப் பூபாலனும் கன்னடத்திலேயே சொல்லிவிட்டு, செல்வி அம்மாளிடம் டீ போடச் சொன்னார். டீ வந்ததும், "நீங்க இங்க வந்ததுக்கு லெட்டர் இருக்கா சார்?" என்று கேட்டாராம். காவலருக்குச் சிரிப்பு வந்து டீ சட்டையில் சிந்தியது. செல்வி அம்மாள் ஈரத்துணி கொடுத்திருக்கிறார். இதைப் பூபாலன் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பார் என்று உங்களுக்கே தெரியும்.

போலீஸ் விசாரணை நடப்பதால் நகல் தர முடியாது என்று பதில் வந்தது. எனக்கு அது முடிவாகத் தெரிந்தது, அவருக்கு உற்சாகமாகிவிட்டது. விசாரணை என்றால் வழக்கு எண் இருக்க வேண்டும், அந்த எண் எங்கே என்று மேல்முறையீடு எழுதினார். இதனால் எல்லாம் என்ன மாறிவிடும் என்று அவரிடம் நேராகவே கேட்டேன். கோபித்துக்கொள்ளவில்லை. "தெரியாது. ஆனா அடுத்த தடவ எடுக்கறப்ப, எவனோ ஒருத்தன் கேப்பானேன்னு ஒரு நிமிஷம் யோசிப்பான்ல? எனக்கு அந்த ஒரு நிமிஷம் போதும்" என்றார். மேல்முறையீட்டு அதிகாரி ஒரு செவ்வாய்க்கிழமைக்கு விசாரணை வைத்தார். அதற்கு இரண்டு நாள் முன்பு பூபாலன் இறந்தார்.

திங்கட்கிழமை அடக்கம். மாரிக்குப்பம் ரயிலில் உறவினர்கள் வந்திருந்தார்கள். பௌத்த முறைப்படி பஞ்சசீலம் சொன்னார்கள். ஓரமாக நின்றவர்களில் பலர் ஒருவரையொருவர் அறியாதவர்கள். ஒவ்வொருவரும் தனித்தனியாகப் பெஞ்சில் உட்கார்ந்து அவரோடு பேசிவிட்டுப் போனவர்கள். எல்லாம் முடிந்து வீட்டுக்குத் திரும்பியதும் செல்வி அம்மாள் ஒரு துணிப்பையைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார்.

"இதெல்லாம் பேர் போடாததுங்க. யாருக்கு எழுதுனதுன்னு பின்னாடி பென்சில்ல இருக்கும். நீங்க படிச்சவங்க, பத்திரமா வெச்சிருப்பீங்க. நான் வெச்சிருந்தா அழுதுட்டேதான் இருப்பேன்."

அந்தப் பை இப்போது என் மேசையில் இருக்கிறது. அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அது ஒன்றுதான். பென்சிலில் எழுதியிருக்கும் பெயர்களை நான் யாருக்கும் சொல்லமாட்டேன். உங்களில் யாருடைய பிரதியாவது அதில் இருக்கலாம். எப்போது வந்து கேட்டாலும் தருகிறேன். கேட்காவிட்டாலும் பத்திரமாக இருக்கும்.

அன்று மாலை அதில் கலைவாணியின் பிரதியைத் தேடி எடுத்தோம். பெயருக்கு விட்டிருந்த காலி இடத்தை அவர் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். எழுதச் சொல்லி நான் சொல்லவில்லை. சொல்வதற்கு எனக்கு உரிமை இல்லை.

மறுநாள் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

மேல்முறையீட்டு விசாரணைக்கு நானும் கலைவாணியும் போனோம்; பதினொரு மணிக்குக் கூப்பிட்டார்கள். மேல்முறையீடு செய்தவர் இறந்துவிட்டார் என்று நான் சொன்னேன். அதிகாரி வருத்தம் தெரிவித்துவிட்டு, அப்படியென்றால் கோப்பை முடித்துவிடலாம் என்று பேனாவைத் திறந்தார். கலைவாணி எழுந்து நின்று கன்னடத்தில், "சார், அந்த ஃபோன் என்னுது" என்றார். பிரதியை மேசையில் வைத்து, என் பேனாவை வாங்கி, அதிகாரியின் கண்ணெதிரிலேயே தன் பெயரைத் தமிழில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். விதிப்படி அது புதிய மனுதான். இன்னும் முப்பது நாள் காத்திரு என்று அதிகாரி சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. காவல் நிலையத்திலிருந்து வந்திருந்தவரைப் பார்த்து, உத்தரவு இருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றார் அவர். மகஜர்? இல்லை. வழக்கு எண்? அவர் கோப்பைப் புரட்டினார். அதுவும் இல்லை. "அப்படியானால் இல்லை என்றே எழுதிக் கொடுங்கள்" என்றார் அதிகாரி. எழுதி, சீல் வைத்துக் கொடுத்தார்கள். அழைப்புப் பட்டியல்கள் பற்றிய பூபாலனின் வேறு இரண்டு மேல்முறையீடுகளும் அன்றே முடிவுக்கு வந்தன. அவற்றைத் தொடர யாரும் வந்திருக்கவில்லை. அவற்றின் பிரதிகள் பையில் இருக்கின்றன.

'இல்லை' என்ற அந்தத் தாளைக் கொண்டுபோய்க் காட்டியதும், மாலை நான்கு மணிக்குக் காவல் நிலையத்தில் ஃபோனைக் கொடுத்தார்கள். சார்ஜ் இல்லாமல் அணைந்து கிடந்தது. பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்துப் போடச் சொல்லி ஏட்டு ஒரு நோட்டை நீட்டினார். கலைவாணி பேனாவை வாங்கிவிட்டு, கையெழுத்துப் போடாமல் அதைப் பிடித்தபடி நின்றார்.

"எடுத்தப்ப பேப்பர் குடுக்கலியே சார். எடுத்த தேதியையும் அதுலயே எழுதுங்க, போடறேன்."

ஏட்டு அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஒரு நிமிடம் இருக்கும். பிறகு நோட்டைத் தன் பக்கம் திருப்பி, தேதியை எழுதினார்.

வெளியே வந்து ஒரு ஜெராக்ஸ் கடையில் அந்தத் தாளுக்கு நகல் எடுத்தோம். 'இல்லை' என்று சீல் வைத்த தாளைப் படமெடுத்துக் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். கீழே என் பெயரையும் வீட்டு எண்ணையும் எழுதினேன். ஆறேகால் மணிக்குக் கேட்டிலிருந்து காவலாளி கூப்பிட்டு, கலைவாணியை உள்ளே அனுப்பட்டுமா என்று கேட்டார். அனுப்புங்கள் என்றேன்.